இவர் எழுதிவைத்த துவக்கு

1

போன கிழமை ஒஷாவாவில் இருக்கிற லோயரின் கந்தோரிலிருந்து தொலைபேசி வந்தது. என் மகன் நிரூஷனுக்குப் பதினெட்டு வயதாகிவிட்டதாம். பெற்ற எனக்கே அதை ஒருவர் போன் எடுத்துச் சொல்லவேண்டியிருக்கிறது.

விஷயம் இதுதான். அவனுடைய அப்பா உயிலில் அவனுக்கென்று எழுதிவைத்த துவக்கின் அலுவலை இனி முடித்துவைக்க வேண்டும். நிரூஷனும், நானும், அந்தத் துவக்குக்குப் பொறுப்பாக நியமிக்கப்பட்ட அவன் அப்பாவின் சிநேகிதர் வோல்ரரும் வந்து கையெழுத்து வைக்க வேண்டும். துவக்கு இப்போது இல்லை, அது போய் மூன்று வருடமாகப் போகிறது என்றேன். இல்லாவிட்டாலும் முடித்துவைக்கத்தான் வேண்டும் என்றாள் போன் எடுத்த அந்தப் பிள்ளை. இல்லாத ஒன்றை எப்படியம்மா முடித்துவைப்பது என்று கேட்க எனக்கு வாய்வரை வந்தது. ஆங்கிலத்தில் வரவில்லை.

என் மனுசனின் மூன்றாவது திவசமும் இதே மாதத்தில்தான். இரண்டும் ஒன்றாக வந்து நிற்கின்றன. ஊரிலிருந்து இதை வாசிக்கிற நீங்கள் துவக்கு என்றதும் பத்திரிகையை மூடிவிடாதீர்கள். இது அந்தத் துவக்கு இல்லை. அரசாங்கத்திடம் அனுமதி எடுத்து, கடையில் பற்றுச்சீட்டோடு வாங்கி, இரும்பு அலுமாரியில் பூட்டி வைத்திருந்த மான் சுடுகிற துவக்கு. இப்படி ஒரு சாமான் எங்கள் வீட்டில் இருந்தது என்று சொன்னால் என் கூடப்பிறந்தவர்களே நம்பமாட்டார்கள்.

2

இவர் ஊரில் தபாற்கந்தோரில் கிளாக். கோழி உரிக்கிற இடத்தில் நின்று பார்க்கவும் பயந்த ஆள். எண்பத்தேழில் நாங்கள் மூன்று பேரும் சண்டைக்குத் தப்பி இங்கே கனடாவுக்கு வந்தபோது நிரூஷனுக்கு ஏழு வயது. நான் மிசிசாகாவில் விமானச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கப் போனேன். இன்றைக்கும் அதே தட்டுத்தான் அடுக்குகிறேன். இவர் ஒஷாவாவில் காருக்குப் பாகம் செய்கிற தொழிற்சாலைக்குப் போனார். அங்கே பக்கத்து மெஷினில் நின்றவர்தான் வோல்ரர். பிள்ளைகுட்டி இல்லாத வயதான மனிதர். அவர் சாப்பாட்டு வேளையில் மானைப் பற்றிக் கதைப்பார், இவர் என் புட்டையும் சம்பலையும் அவருக்குப் பங்கு கொடுப்பார். சிநேகிதம் அப்படித்தான் பிடித்தது.

ஒருநாள் இவர் வந்து, தானும் துவக்கு ஒன்று வாங்கப்போவதாகச் சொன்னார். நான் கையில் வைத்திருந்த அகப்பையை அப்படியே கீழே வைத்தேன்.

"உங்களுக்கு விசரோ? அதிலயிருந்து தப்பத்தானே பிள்ளையையும் தூக்கிக்கொண்டு இஞ்ச ஓடிவந்தனாங்கள்?"

"நீர் சொல்லுறது சரி. ஆனா நான் ஊரில செக்பொயின்ற் செக்பொயின்றா துவக்கின்ர முன்பக்கத்தைத்தான் பாத்துப் பாத்து வந்தனான். ஒருக்கா பின்பக்கத்தில நிண்டு பாக்கவேணும்போல கிடக்கு."

மனுசன் மாதக்கணக்கில் அலைந்தார். வகுப்புக்குப் போனார், புத்தகத்தை விரித்துவைத்து ஓ.எல். சோதினைக்குப் படிக்கிற பெடியன் மாதிரிப் படித்தார். பொலிசிலிருந்து என்னையும் போனில் கூப்பிட்டுக் கேட்டார்கள். உங்கள் கணவர் துவக்கு வைத்திருப்பதில் உங்களுக்கு ஏதும் பயம் இருக்கிறதா என்று. இவர் எனக்கு முன்னால் நின்று, கோயிலில் வரம் கேட்கிற மாதிரி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இல்லை என்றேன்.

அது பொய். என் தம்பியைத் துவக்கால்தான் சுட்டார்கள். எந்தப் பக்கத்துத் துவக்கு என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

அனுமதி அட்டை வந்த அன்று இவர் அதைச் சாமித்தட்டில் வைத்துக் கும்பிட்டார். பிறகு எப்போதும் பேர்சில் இருந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் மகனின் பள்ளிக்கூடப் படத்தைக் காட்ட முதல் அதைத்தான் எடுத்துக் காட்டுவார். ஊரில் வீட்டுக்குள் சுட்டுத் தள்ளின ஒரு வெறும் ரவைக்கோது கிடந்தாலே குடும்பத்தோடு அள்ளிக்கொண்டு போவார்கள். இங்கே ஒரு அரசாங்கம் விசாரித்துப் பார்த்து, இந்த மனுசனை நம்பலாம் என்று படம் ஒட்டிக் கொடுத்திருக்கிறது. துவக்கைவிட அதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது என்று நினைக்கிறேன்.

3

நிரூஷனுக்குப் பன்னிரண்டு வயது கடந்ததும், சிறுபிள்ளைகளுக்கான அனுமதி எடுத்து அவனையும் கூட்டிக்கொண்டு போனார். நவம்பரில் ஒரு கிழமை. மூன்று பேரும் செம்மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு வோல்ரரின் பிக்கப்பில் வடக்கே போவார்கள்.

அந்தக் காலத்தில் பிள்ளையின் தமிழ் என்னோடு முடிந்துபோய்க் கொண்டிருந்தது. நான் தமிழில் கேட்பேன், அவன் ஆங்கிலத்தில் சொல்லுவான். பிறகு கேட்டாலும் சொல்லாமல் தோளைக் குலுக்குவான். ஆனால் காட்டிலிருந்து வந்து இரண்டு மூன்று நாளைக்கு அழகான தமிழ் கதைப்பான், அதுவும் குசுகுசுவென்று. எப்படியடா என்று கேட்டேன்.

"இங்கிலிஷ் கதைச்சா மான் ஓடிடுமாம். அப்பா சொன்னவர். தமிழெண்டா அதுக்கு விளங்காதாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பொறாமையும் வந்தது. நான் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு திரிந்தும் வராதது, அங்கே மரத்துக்குக் கீழே படுத்துக்கிடந்து வந்திருக்கிறது.

உயில் எழுதுவித்ததும் வோல்ரர்தான். எங்கள் ஆட்கள் சாவைப் பற்றி எழுதினால் சாவு வந்துவிடும் என்று பயந்து ஒரு வைக்கோற்போரைக்கூட யாருக்கென்று எழுதாமல் சாகிறவர்கள். நான் சொல்லியும் இவர் கேட்கவில்லை. மற்றதெல்லாம் எனக்கு. துவக்கு மட்டும் மகனுக்கு. அவனுக்குப் பதினெட்டு வயதாகி, சொந்தப் பெயரில் அனுமதி எடுக்கும் மட்டும் வோல்ரர் அதை அவனுக்காகப் பொறுப்பில் வைத்திருக்க வேண்டும். அதற்கு இங்கே ட்ரஸ்ற் என்கிறார்கள். வோல்ரர் ட்ரஸ்ரி. எங்கள் ஊரில் ட்ரஸ்ரி என்றால் கோயில் தர்மகர்த்தா. திருவிழா வந்தால் முதல் காளாஞ்சி மரியாதை அவருக்குத்தான். "ஒரு துவக்குக்குத் தர்மகர்த்தாவோ?" என்று நான் பகிடி பண்ணினேன். வோல்ரருக்கு இவர் மொழிபெயர்த்துச் சொல்ல, அவர் எழும்பி நின்று எனக்குத் தொப்பியைக் கழற்றினார்.

உயில் எழுதியது சும்மா ஒரு ஒழுங்குக்குத்தான். இவருக்கு அப்போது நாற்பத்தாறு வயது.

4

அந்த நவம்பரில் மான் கிடைத்தது. துண்டு போட்டுக் கடதாசியில் சுற்றி ஃபிறீசரில் வைத்தோம். அடுத்த கிழமை இவர் தொழிற்சாலையில் மெஷினுக்கு முன்னால் விழுந்தார். இதயம். வோல்ரர் வேலை உடுப்போடு வாசலில் வந்து நின்றபோதே எனக்கு விளங்கிவிட்டது. அவர் வாயைத் திறக்க முதல் நான் கத்தினேன்.

எட்டாம் நாள் எட்டுச் செலவு. செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். மீன், இறைச்சி, குடிக்கிறவர் என்றால் அதுவும். ஃபிறீசரில் கிடந்த மான் இறைச்சியை எடுத்துக் கறி வைத்தேன். அவர் சுட்டதை அவருக்கே படைக்கிறேன் என்று நினைக்க நினைக்க அடுப்படியில் நிற்க முடியவில்லை. படத்துக்கு முன்னால் வாழையிலை, விளக்கு, அவர் பாவித்த கண்ணாடி, மணிக்கூடு, பேர்ஸ், துவக்கு அலுமாரியின் சாவியும் விசைப் பூட்டின் சாவியும் கோத்த திறப்புக் கோர்வை.

நிரூஷன் எட்டு நாளும் ஒன்றிலும் முட்டாமல் மூலையில் நின்றான். கொள்ளி வைத்தவன், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வந்தவர்களெல்லாம் அவனைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். எனக்கு வெட்கமாகவும் கோபமாகவும் இருந்தது.

"நீயும் அவருக்குப் பிள்ளைதானே? அப்பாவுக்கு விருப்பமான சாமான் ஏதும் கொண்டுவந்து வையன். சும்மா மரம் மாதிரி நிக்கிறாய்" என்றேன்.

அவன் என்னை ஒருக்கால் பார்த்தான். விளக்கடியிலிருந்த திறப்புக் கோர்வையை எடுத்தான். அறைக்குள் போய் இரும்பு அலுமாரியைத் திறந்தான். திரும்பி வரும்போது இரண்டு கையிலும் ஏந்தியபடி துவக்கைக் கொண்டுவந்தான். விசையில் பூட்டு அப்படியே இருந்தது. ரவை இல்லை. அப்பா சொல்லிக்கொடுத்த மாதிரியே குழாயை யாருக்கும் நேரே பிடிக்காமல், சனத்துக்குள்ளால் நடந்து வந்து, மான் கறிக்குப் பக்கத்தில், அப்பாவின் கண்ணாடிக்கு முன்னால் மெதுவாகக் கிடத்தினான். பிறகு நெற்றி நிலத்தில் முட்ட விழுந்து கும்பிட்டான். அப்போதுதான் அழுதான்.

வழக்கம் தெரியாது, மொழி தெரியாது, இவனுக்கு ஒன்றும் தெரியாது என்று நான் எத்தனை நாள் ஏசியிருப்பேன். அன்று அவன் செய்ததைவிடச் சரியாக அந்த வழக்கத்தை ஒருவரும் செய்திருக்க முடியாது.

ஆட்கள் வந்துபோகிற வீடென்று கதவு திறந்தே கிடந்தது. துவக்கோடு ஒரு பெடியன் ஆட்கள் நிறைந்த வீட்டுக்குள் நடக்கிறதை நடைபாதையால் போன யாரோ கண்டிருக்கிறார்கள். நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். நான் கண்டிருந்தாலும் போன் எடுத்திருப்பேன்.

5

பொலிஸ் வந்து சத்தம் போட்டபோது நடந்ததை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கைகளைக் காட்டுங்கள் என்று மட்டும்தான் சொன்னார்கள். எங்கள் ஆம்பிளைகள் எல்லோரும், ஒருவர் ஒருவரைப் பார்க்காமல், நிலத்தில் வரிசையாகக் குந்தித் தலைக்குமேல் கையை வைத்தார்கள். பெண்கள் பையைத் திறந்து அட்டையை எடுத்தார்கள். அடையாள அட்டை இங்கே ஏது? வைத்தியசாலைக்குக் கொண்டுபோகிற ஹெல்த் கார்ட்டை இரண்டு விரலால் பிடித்து முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார்கள். யாரோ ஒருவர் ஊரில் செக்பொயின்றில் சிங்களத்தில் கெஞ்சிய பழக்கதோசத்தில் "சேர், மாத்தையா" என்றார். கனடாவுக்கு வந்து எட்டுப் பத்து வருடமானவர்கள், வீடு வாங்கியவர்கள், கார் ஓடுகிறவர்கள்.

முன்னுக்கு வந்த பொலிஸ்காரன் இளம் ஆள். அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "பிளீஸ், கெற் அப், பிளீஸ்" என்று ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து எழுப்பினான். எழும்ப மாட்டேன் என்கிறார்கள். என் பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஏழு வயதோடு மறந்துபோனதெல்லாம் அவனுக்கு அன்றைக்குத் திரும்பி வந்ததோ என்னவோ, முகம் வெளிறிப்போயிருந்தது.

வோல்ரர் பின்னேரம்தான் வருவதாக இருந்தவர், அந்நேரம் அங்கே இல்லை. அனுமதி வைத்திருந்தவர் செத்துவிட்டார், வீட்டில் வேறு ஒருவருக்கும் அனுமதி இல்லை, பாதுகாப்புக்காகக் கொண்டுபோகிறோம் என்று துவக்கை எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருவர் மேலும் வழக்குப் போடவில்லை. படையல் அப்படியே ஆறிப்போய்க் கிடந்தது.

அடுத்த கிழமை என்னைப் பொலிசுக்குக் கூப்பிட்டார்கள். துவக்கைத் திருப்பிக் கேட்கத்தான் போனேன். ஆம், நான்தான். அது பிள்ளையின் சொத்து, அவன் அப்பா அவனுக்கென்று எழுதிவைத்தது, வோல்ரரிடம் கொடுங்கள் என்று சொல்வதற்கு வசனம் வசனமாகப் பாடமாக்கிக்கொண்டு போனேன். மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பிள்ளை வந்திருந்தாள். நல்ல பிள்ளை, ஒரு சொல் கூட்டவுமில்லை குறைக்கவுமில்லை. விசாரித்தவர் வயதான பெண் அதிகாரி. முதல் கேள்வியே, "பெடியன் எப்பிடி இருக்கிறான்?"

வீட்டுக்கு வந்த அவ்வளவு சனத்தில் ஒருவரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. இன்சூரன்ஸ் கேட்டார்கள், மரணச் சான்றிதழ் கேட்டார்கள், ஐயருக்கு நேரம் கேட்டார்கள். அந்த ஒரு கேள்வியில் நான் உடைந்துபோனேன்.

"அவன் சாப்பிடுறானில்லையம்மா. நித்திரை கொள்ளுறானில்லை. கதவைத் திறந்து பாத்தா சுவரைப் பாத்தபடி கிடக்கிறான். ஒரு கதையுமில்லை."

"துவக்குத் திரும்பி வந்தா உங்களுக்குப் பயமா இருக்குமோ?"

"ஓம்" என்றேன். இந்த முறை என் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒருவரும் நிற்கவில்லை. தம்பியின் கதையையும் சொன்னேன். பிறகு, ஆனாலும் துவக்கைத் தாங்கோ என்றும் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

நான் பொய் சொன்னபோது அந்தத் துவக்கு வீட்டுக்கு வந்தது. உண்மை சொன்னபோது போனது. இன்றைக்கு அதே கதிரையில் இருத்தி அதே கேள்வியைக் கேட்டாலும் அதே பதிலைத்தான் சொல்லுவேன். பயமா என்றால் பயம்தானே?

6

துவக்கைத் திருப்பிக் கொடுப்பதா இல்லையா என்று தீர்க்கப் பொலிஸ் அதை நீதிமன்றத்துக்கு அனுப்பியது. அங்கே எங்கள் அலுவல் கொஞ்ச நேரத்தில் முடிந்தது. வோல்ரர் கோட்டுச் சூட்டுப் போட்டு, உயிலின் பிரதியோடு வந்திருந்தார். தான் பத்திரமாக வைத்திருந்து, பெடியனுக்கு வயது வந்ததும் கொடுப்பேன், அதைத்தான் என் சிநேகிதன் என்னிடம் கேட்டான் என்று சொன்னார்.

பிறகு என் வாக்குமூலத்தை வாசித்தார்கள், ஆங்கிலத்தில். என் வாயிலிருந்து வந்தது, எனக்கே அரைவாசிதான் விளங்கியது. மகன், சுவர், பயம் என்று இடைக்கிடை பிடிபட்டது. எனக்குப் பக்கத்தில் அப்பாவின் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு இருந்த நிரூஷனுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. அவன் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்தாலும் தாங்கியிருப்பேன். யாரோ தெரியாத மனுசியைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தான்.

நீதிபதி ஈவிரக்கம் இல்லாதவர் அல்ல. இந்தத் துவக்கு கடைசியில் போய்ச் சேரப்போவது இந்தப் பிள்ளையின் கைக்குத்தான். அவன் தாயே இப்படிச் சொல்லியிருக்கும்போது திருப்பிக் கொடுக்கச் சொல்லித் தன்னால் எழுத முடியாது என்றார். உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன் என்றும் சொன்னார். துவக்கை அழித்துவிட வேண்டும் என்று முடிவாயிற்று.

வோல்ரரின் பிக்கப்பில் மூன்று பேரும் வீட்டுக்கு வந்தோம். இறங்கும்போது நிரூஷன் அப்பாவின் திறப்புக் கோர்வையிலிருந்து விசைப் பூட்டின் திறப்பை மட்டும் கழற்றி வோல்ரரிடம் கொடுத்தான். "யூ கீப் இற். அப்பா உங்களைத்தான் வச்சிருக்கச் சொன்னவர்" என்றான்.

வீட்டுக்குள் வந்ததும் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"நான் நித்திரை கொள்ளேல்லை எண்டு பொலிசுக்குச் சொன்னனீங்கள். எனக்கிட்ட ஏனம்மா ஒருக்காலும் கேக்கேல்லை?"

பதிலுக்கு நிற்கவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். நான் வேலைக்குப் போகும்போது அந்தக் கதவு சாத்தியிருக்கும், வரும்போதும் சாத்தியிருக்கும். மூன்று வருடம் அப்படித்தான். ஒரு வீட்டில் இருந்துகொண்டு பிள்ளையைத் தொலைப்பது எப்படி என்று யாராவது கேட்டால் நான் சொல்லிக்கொடுப்பேன்.

7

நேற்று ஒஷாவாவுக்குப் போனோம். லோயர் ஒரு தாளை எங்களுக்கு முன்னால் வைத்து வாசித்தார். அப்பா விட்டுச்சென்றதில் பொறுப்பில் இருந்தது முழுவதையும் மகனாகிய நான் பெற்றுக்கொண்டேன், இனி ட்ரஸ்ற் முடிவடைகிறது என்று இருந்தது. பொறுப்பில் இருக்கும் சொத்து என்ற இடத்தில் ஒன்றுமில்லை என்று தட்டச்சில் அடித்திருந்தது.

வோல்ரர் சட்டைப் பொக்கற்றுக்குள் கையை விட்டு, மடித்த கைலேஞ்சியை எடுத்து விரித்தார். உள்ளே அந்தத் திறப்பு. பொறுப்பில் இருந்த சொத்து இதுதான், எழுதுங்கள் என்றார். லோயர் சிரிக்கவில்லை. ஒன்றுமில்லை என்பதை வெட்டிவிட்டு, ஒரு திறப்பு என்று பேனையால் எழுதினார். நிரூஷன் கையெழுத்து வைத்தான். அவன் அப்பாவின் கையெழுத்து மாதிரியே இருந்தது. எனக்கு அது இவ்வளவு நாளும் தெரியாது.

வெளியே வந்தபோது வோல்ரர் அவனைக் கட்டிப்பிடித்தார். பிறகு அவர் தன் பாட்டில் போய்விட்டார். நானும் பிள்ளையும் ஸ்காபரோ பஸ்ஸுக்கு நின்றோம். நல்ல குளிர். தெருவில் ஒருவன் செம்மஞ்சள் தொப்பியோடு பிக்கப்பில் போனான். நிரூஷன் அது மறையும் மட்டும் பார்த்துக்கொண்டு நின்றான். திறப்பு அவன் கைக்குள் இருந்தது.

இனி எப்போது கேட்பது? மூன்று வருடமாக நெஞ்சில் கிடந்தது.

"அப்பன், உனக்கு இரவில நித்திரை வாறதே?"

ஐ'ம் ஃபைன் என்று சொல்லுவான் என்றுதான் நினைத்தேன். அவன் திறப்பைப் பொக்கற்றுக்குள் வைத்தான். பிறகு, காட்டில் கதைக்கிற அந்தக் குசுகுசுத் தமிழில் சொன்னான்.

"இல்லையம்மா. அப்பா செத்ததில இருந்து வாறேல்லை."

"எனக்கும்தானடா" என்றேன். பஸ் வந்தது, ஏறினோம்.

அவன் பார்த்துக்கொண்டு கிடக்கிற அந்தச் சுவருக்கு மற்றப் பக்கத்தில்தான் என் கட்டில் கிடக்கிறது.